புகலறையில் இரண்டு பேர்

கதவு இடுக்கில் அப்பியிருந்த களிமண், கீழ் ஓரத்தில் மட்டும் யாரோ நிதானமாக வழித்துவிட்டது போல மழமழவென்று இருந்தது. ஓரெஸ்ட் அப்படி வழிக்கவில்லை. உயிர் பயத்தில் கைக்கு வந்தபடி அள்ளி அப்பியவன் அவன். மேடும் பள்ளமுமாகத்தான் இருக்க வேண்டும்.

கனடாவின் சாஸ்காட்சுவான் கோதுமை வயல்களுக்கு ஒரு கிலோமீட்டர் அடியில், பொட்டாஷ் சுரங்கத்தின் புகலறையில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். உப்புப் பாறையைக் குடைந்த சின்ன அறை. எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள், தண்ணீர், ஆக்ஸிஜன் உருளை, தொலைபேசி, ஒரு வாளி களிமண். தீப்பிடித்தால் உள்ளே ஓடி வந்து, கதவைச் சாத்தி, புகை நுழையாதபடி இடுக்கெல்லாம் மண் அப்ப வேண்டும். மேலேயிருந்து சொல்லும்வரை திறக்கக் கூடாது. மின்சாரம் போய்விட்டது. தலை விளக்கு மட்டும்தான் வெளிச்சம்.

காலையில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. வெட்டும் இயந்திரத்தின் பற்கள் சுழன்று இளஞ்சிவப்புப் பாறையைக் குதறின, பெல்ட் அதை வாரிக்கொண்டு போனது. மேலே ஆலையில் அதை நொறுக்கி, உப்பைக் கழித்து, காய வைத்து உரமாக்கி ரயிலேற்றுவார்கள். அவன் மனைவி டார்லாவின் அண்ணன் மெல்வின், பெரோகிக் கொழுக்கட்டையை மென்றபடி, மூன்று விரல் மட்டும் மிஞ்சிய இடது கையால் அந்தப் பெல்ட்டைக் காட்டினான். மற்ற இரண்டு விரல்களை எப்போதோ அதற்குக் கொடுத்தவன் அவன்.

"நான் செத்தா என்னையும் இதுல ஏத்திவிட்டுரு மாப்ளே. பயிராச்சும் செழிப்பா வரும்."

"உன்னப் போட்டா மில்லுதான் மச்சான் கெட்டுப்போவும்."

சிரித்து முடிப்பதற்குள் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பெல்ட் எரிந்துகொண்டிருந்தது. இருவரும் ஓடினார்கள், கனத்த உடம்புக்காரனான மெல்வின் ஐம்பது அடி பின்தங்கினான். முதலில் வந்து சேர்ந்த ஓரெஸ்ட் தொலைபேசியை எடுத்து, "நானும் மெல்வினும். ரெண்டு பேரும் உள்ள வந்துட்டோம்" என்றான். பின்னால் வருகிறவனையும் சேர்த்துச் சொல்லிவிடுவது சுரங்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான். திரும்பிப் பார்த்தபோது மெல்வினின் மஞ்சள் தலை விளக்கு புகைக்குள் ஆடியது. பிறகு ஆடவில்லை. கரும்புகை வாசலுக்கு வந்துவிட்டது. ஓரெஸ்ட் கதவைச் சாத்தினான்.

அதன் பிறகுதான் தட்டும் சத்தம் கேட்டது.

"மாப்ளே... தொற... மாப்ளே..."

அவன் தட்டத் தட்ட இவன் மண்ணை அப்பினான். அழுதுகொண்டே அப்பினான். கடைசியில் தட்டுவது நின்றது.

அதன் பிறகு ஒரு மணி நேரம் ஆகியிருக்கலாம், இரண்டும் ஆகியிருக்கலாம். வெட்டிய வெளியைத் தானே நெருக்கி மூடப் பார்க்கும் உப்பு, சுவருக்குள் முறுகி முனகிக்கொண்டிருந்தது. நாக்கெல்லாம் கரித்தது. நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோதுதான் அந்த மழமழப்பு கண்ணில் பட்டது. மெல்வினிடம் சின்ன ஆக்ஸிஜன் முகமூடி உண்டு; இன்னும் உயிரோடு இருக்கலாம். ஆனால் உள்ளே வந்துவிட்டதாகச் சொல்லப்பட்டவனை யார் தேடப் போகிறார்கள்? டார்லாவின் முகத்தில் எப்படி விழிப்பது? தொலைபேசியை எடுத்தான்.

"ஐரீன், மெல்வின் இங்க இல்ல. வெளிய கெடக்கான். நான் தப்பா சொல்லிட்டேன். ஆள அனுப்பு, ஒன்னக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்!"

மேலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஐரீனின் குரல் வந்தது.

"என்ன ஒளர்ற ஓரெஸ்ட்? இப்பத்தான மெல்வின்கிட்ட பேசினேன்."

"எங்கேருந்து?"

"இதே லைன்லதான். நீ தூங்குறே, எழுப்ப வேணாம்னான். நாங்க பத்திரமா இருக்கோம், மத்தவங்கள மொதல்ல பாருங்கன்னான். டீம் கெழக்குப் பக்கம் போயிருச்சு. நாலு மணி நேரமாச்சும் ஆகும். ரெண்டு பேரும் கதவத் தொறக்காதீங்க, என்ன?"

இணைப்பு அறுந்தது.

அறைக்குள் ரப்பர் கருகிய நாற்றம் அடித்தது. இதுவரை அடிக்கவில்லை.

எதிர் பெஞ்சைப் பார்த்தான். யாருமில்லை. இளஞ்சிவப்புத் தூள் மட்டும், ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்குப் படிந்திருந்தது.

திறந்துவிட வேண்டும். புகையோ நெருப்போ, வெளியே போய்விட வேண்டும். கதவுக்கு ஓடினான். தாழ்ப்பாள் தெரியவில்லை. அதன் மேல் களிமண். இடுக்கெல்லாம், கீல்களெல்லாம், உச்சிவரை களிமண். அவன் அப்பாத இடத்திலும். ஈரமாக. காற்றுகூடப் போகாதபடி, அவ்வளவு கவனமாக.

அதில் கைத்தடங்கள். உள்பக்கத்தில். ஒவ்வொன்றிலும் மூன்றே விரல்கள்.

நகத்தால் பிராண்டினான். மண் கல்லாக இறுகியிருந்தது.

"மச்சான்... மன்னிச்சுரு மச்சான்..."

அவனுடைய விளக்கு மங்கியது. சிமிட்டியது. அணைந்தது.

கதவு இருளவில்லை. பின்னாலிருந்து மஞ்சள் வெளிச்சம் அதன் மேல் விழுந்திருந்தது. நடுவில் ஓரெஸ்டின் நிழல், மெல்ல, மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது.