இடது பக்கத்துப் பெல்ட்

விலைக்கு வந்த பழைய காரில், பின்சீட்டின் இடது பக்கத்துப் பெல்ட் மட்டும் ஒரு சாணுக்கு மேல் வெளியே வரவில்லை.

அவள் கூட்டி வந்திருந்த மெக்கானிக் மெதுவாக இழுத்தான். பிறகு ஏமாற்றுவதுபோல் விட்டு விட்டு இழுத்தான். உள்ளே யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் அது அங்கேயே நின்றது. வண்டியில் மற்றதெல்லாம் அவனுக்குத் திருப்தி. டயர் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. கதவு இடுக்குகளில் மறுபெயின்ட் இல்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அதன் அடிக்குழியைத் தடவி, விரலை முகர்ந்துகூடப் பார்த்துவிட்டான். மற்ற பெல்ட்டுகளைக் கடைசி வரை உருவியாயிற்று. எல்லாம் சுத்தம்.

"இதைப் போய் எதுக்குத் தம்பி இந்த இழுப்பு இழுக்கிறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"வெள்ளத்துல மூழ்கின வண்டின்னா கார்ப்பெட்ட மாத்திடுவானுங்கக்கா. சீட்டைத் துவைச்சுக் காயப் போட்டுடுவானுங்க. பெல்ட்டோட வால் மட்டும் உள்ளயே சுருண்டு கிடக்கும், அதை எவனும் கழுவ மாட்டான். தண்ணி பட்டிருந்தா சேத்துக்கோடு அப்படியே இருக்கும்."

வண்டிக்காரர் சிரித்தார். "அது லாக் ஆகிக் கிடக்குது சார். பின்னாடி உக்கார்றவங்க யாரு பெல்ட் போடுறாங்க?"

மெக்கானிக் அவளை ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினான். "விக்கிறவர் சிரிச்சா எனக்குச் சந்தேகம் வரும். வேற வண்டி பாக்கலாம்க்கா."

ஆனால் அவள் மனம் பள்ளிக்கூட வாசலில் இருந்தது. ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாப் பிள்ளைகளும் போயிருப்பார்கள். வாட்ச்மேனின் ஸ்டூலில், பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் மகள் குட்டி மட்டும் உட்கார்ந்திருப்பாள். அழைத்து வர வேறு ஆளில்லை. முன்பெல்லாம் அழுவாள். இப்போது அழுவதில்லை. பழகிவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"விடுங்க தம்பி. குட்டி வலது பக்கம் உக்காந்துப்பா," என்றாள்.

வண்டி வந்த பிறகு சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. உள்ளே ஷாம்பூ போட்ட எலுமிச்சை வாசனை. ஏசியை நிறுத்தினால் மட்டும் அதற்கு அடியிலிருந்து வேறொன்று எழும்பி வந்தது, நெடுநாள் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்ததுபோல். கண்ணாடியை இறக்கிவிட்டால் போய்விடும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது இடது பெல்ட் இரண்டு சாண் நீளத்துக்குச் சீட்டின் மேல் தொங்கிக் கிடந்தது.

"நீ இழுத்தியாடி?"

"இல்லம்மா. அதுவா வருது. உள்ள தள்ளினாலும் போக மாட்டேங்குது."

அவளுக்குச் சந்தோஷம்தான். மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொன்னாள். "பாத்தீங்களா, தானா சரியாகுது."

"தானா சரியாகுறதுக்கு அது என்ன ஜலதோஷமாக்கா?" என்றான் அவன். சிரித்துவிட்டுச் சற்று நிறுத்தினான். "முழுசா வெளிய வந்ததும் வாலைப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

பெல்ட் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. புதிதாக வந்த பகுதி தொட்டால் சில்லென்றிருந்தது. அதோடு இன்னொன்றும் ஆரம்பித்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் குட்டி தாடையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டியை விட்டு இறங்கியதும் சாதாரணமாக நடப்பாள், ஓடுவாள், தோசைக்கல்லில் சுட்டுக்கொண்ட விரலைக் காட்டிச் செல்லம் கொஞ்சுவாள். ஏறி உட்கார்ந்தால் மட்டும் தாடை உயர்ந்துவிடும்.

"கழுத்து சுளுக்கிக்கப் போகுதுடி, நேரா உக்காரு."

"இப்படி இருந்தாத்தான்மா மூச்சு விட முடியுது."

வேறு வண்டி பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே அவள் முடிவு செய்தாள். சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போட்டாள்.

மழை பிடித்த அன்று மாலை, பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், பாலத்துக்கு முன்னால் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. கூரையில் மழை கொட்டும் சத்தமும், வைப்பர் இழுபடும் சத்தமும், எங்கோ ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த ஹாரனும் ஒன்றாகக் கலந்து காதை அடைத்திருக்க, அவை எல்லாவற்றுக்கும் அடியில், மிக அருகில், ஏதோ ஒன்று சரசரவென்று உருவப்படுவது அவளுக்குக் கேட்டது. நிதானமாக. நிற்காமல். ஒரு பெல்ட்டுக்கு இருக்கக்கூடிய நீளத்தைத் தாண்டியும்.

பிறகு 'கிளிக்'.

அவள் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். காலியாக இருந்த இடது சீட்டின் குறுக்கே பெல்ட் பூட்டியிருந்தது. அது சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. சிறிய நெஞ்சு ஒன்றைச் சுற்றினாற்போல் முன்னால் தள்ளி நின்றது. லேசாக ஏறியது. இறங்கியது.

"குட்டி, உன் பெல்ட்டைக் கழட்டு."

"வரலம்மா." தாடை கூரையை நோக்கி இருந்தது. "அவனுக்கும் வரலையாம்."

அவள் வண்டியை ஓரத்தில் ஏற்றி நிறுத்தி, மழையில் இறங்கி, இடது பின்கதவைத் திறந்தாள். திறந்ததும் பெல்ட் தொய்ந்து விழுந்தது. தொட்டித் தண்ணீரின் வாடை முகத்தில் அடித்தது. போன் வெளிச்சத்தில் பெல்ட்டைக் கையிலெடுத்தாள். ஈரம். கடைசி வரை வந்திருந்தது. வாலில் பழுப்பு நிறச் சேற்றுக்கோடு.

கோட்டுக்கு மேலே நூல்கள் பிய்ந்திருந்தன. பிய்ந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளங்கள், வரிசை வரிசையாக. ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப, விடாமல் கடித்த தடம்.

நூல்களுக்கு நடுவே ஒரு பால்பல்.

அவள் சீட்டின் மேல் விழுந்து, குறுக்கே எட்டி, மகளின் பக்கத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அமுங்கியது. திறக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள்.

"குட்டி. அம்மாவைப் பாரு. குட்டி!"

சீட் காய்ந்திருந்தது. பாவாடை காய்ந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் மட்டும், நெஞ்சின் குறுக்கே, அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு பழுப்புக் கோடு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காலருக்கு வந்தது.

கழுத்துக்கு வந்தது.

தாடை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு குட்டி, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் பெல்ட்டை இரண்டு கைகளாலும் தூக்கி, வாயில் வைத்து, கடிக்கத் தொடங்கினாள்.