முழங்காலில் இடிக்கும் கம்பி

டிரைவருக்குப் பக்கத்து இடம் லீமாவுடையது. யாரும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லைதான். ஆனால் இரண்டு வருஷமாக அவள்தான் அதில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிறாள். அப்படியானால் அது அவளுடையதுதானே?

லாரி ஓட்டுவது அவள் அப்பா கபிரியேல். கீரிப்பாறை மலையில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கு அவர் டிரைவர். அந்த லாரி சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் ஓடியது. சண்டை முடிந்தபின் ஏலத்தில் மலைக்கு வந்து சேர்ந்தது. மற்ற லாரிகளைப் பின்சக்கரங்கள் மட்டும்தான் தள்ளும். இதற்கு நாலு சக்கரமும் வேலை செய்யும். தோட்டத்தில் எல்லோரும் அதைப் ‘பட்டாளத்தான்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கியர் கம்பிக்குப் பக்கத்தில் அதற்கு இன்னொரு குட்டைக் கம்பி உண்டு. சேற்றுப் பாதையில் அப்பா அதை முன்னால் தள்ளுவார். உடனே முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். கீழே கெட்டி ரோட்டுக்கு வந்ததும் லாரியை நிறுத்தி, கம்பியைப் பின்னால் இழுத்து முன்சக்கரங்களை விடுவிப்பார். அப்போது கம்பியின் குமிழ் லீமாவின் முழங்காலில் ‘ணங்’கென்று இடிக்கும்.

“ஆ!” என்பாள் லீமா.

“கால ஒதுக்கி வைக்கப்பிடாதா, மக்கா?” என்பார் அப்பா.

அவள் ஒதுக்கவே மாட்டாள். அந்த இடியும் பயணத்தில் ஒரு பங்கு.

இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. “கண்ண மூடிட்டுக் கேளு. பட்டாளத்தான் இன்னைக்கு என்ன சொல்லுகான்?” என்று அப்பா கேட்பார். லீமா காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். “பின்னால இடது சக்கரத்துல கல்லு மாட்டியிருக்கு” என்பாள். இறங்கிப் பார்த்தால் கல் இருக்கும்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஓமனா வந்து சேர்ந்தாள்.

ஓமனாவின் அப்பா தோட்டத்தில் கணக்கு எழுதப் புதிதாக வந்த ரைட்டர். சொந்த ஊர் புதுக்கடை. ஓமனாவும் லீமாவின் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் அவளை லாரியின் பின்னால், ரப்பர் பால் நிறைந்த கேன்களோடு ஏற்றினார்கள். முதல் வளைவில் அவள் முகம் வெளுத்தது. அடுத்த வளைவில் காலையில் தின்ற புட்டும் பழமும் வெளியே வந்தன.

“பாவம், பிள்ள முன்னால இருக்கட்டு” என்றார் அப்பா. “லீமா, கொஞ்சம்...”

அவர் முடிப்பதற்குள் லீமா கீழே குதித்துவிட்டாள். “நான் பின்னால போறேன்!”

முன் இருக்கையில் பாதி இடத்தை ஸ்பேனர் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் உட்காரலாம். அதைத்தான் அப்பா சொல்ல வந்தார். மூக்கு நுனியில் கோபம் வைத்திருப்பவளிடம் யார் என்ன சொல்வது?

பின்னால் கிளீனர் ஏசுஅடிமை இருந்தார். “மூஞ்சிய ஏன் ஊதின மத்தங்கா மாதிரி வச்சிருக்க?” என்று சிரித்தார். பின்கதவுப் பக்கம் காற்று நன்றாக வருமே என்று, அங்கிருந்த கேன்களையெல்லாம் தள்ளி, டிரைவர் அறையின் முதுகோடு ஒட்டி அடுக்கினார். “இனி இது உனக்க சிம்மாசனம். இரி!”

சிம்மாசனமாம்! லீமாவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

டிரைவர் அறையின் பின்பக்கம் கைக்குட்டை அளவுக்கு ஒரு சன்னல் இருந்தது. அதன் வழியாக இரண்டு தலைகள் தெரியும். ஓமனா என்னவோ சொல்வாள். அப்பா சிரிப்பார். ஒவ்வொரு சிரிப்புக்கும் லீமாவின் வயிறு எரியும். ‘மாமா, மாமா’ என்று அவள் கூப்பிடுகிற அழகென்ன! யாருக்கு யார் மாமா?

கொஞ்ச நாளில், கெட்டி ரோட்டில் லாரி போகும்போது ஒரு சத்தம் கேட்டது. ‘கர்ர்... கர்ர்...’ ஆட்டுக்கல்லில் மணலைப் போட்டு அரைத்தால் அப்படிக் கேட்கும்.

“மாமா, என்னமோ கரகரக்குது!” என்றாள் ஓமனா.

“அடேயப்பா, நல்ல காது உனக்கு!” என்றார் அப்பா.

அந்தச் சொல் சன்னல் வழியாக வந்து லீமாவைச் சுட்டது. சத்தத்தை அவள் எப்போதோ கேட்டுவிட்டாள். கேட்டு யாரிடம் சொல்வது? கேன்களிடமா?

அப்பா சத்தத்தைத் தேடத் தொடங்கினார். ஜாக்கி வைத்துச் சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். மூட்டுக்கு மூட்டு கிரீஸ் போட்டார். லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் எங்கும் அப்பிய சேறு. சத்தம் மட்டும் அகப்படவில்லை. நாளுக்கு நாள் அது பெரிதானது.

வேண்டாம் வேண்டாம் என்றாலும் லீமாவின் காது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சேற்றுப் பாதையில் அந்தச் சத்தம் இல்லை. கெட்டி ரோட்டுக்கு வந்தபிறகுதான் வருகிறது. சரிவில் அப்பா கிளட்சை மிதித்து இஞ்சினை அடக்கினாலும் அது நிற்பதில்லை. அப்படியென்றால் இஞ்சின் போடுகிற சத்தம் அல்ல. அது வருவது கேன்களுக்கு நேர் கீழேயிருந்து. உள்ளங்காலைப் பலகையில் வைத்தால் அங்கேதான் அதிகமாக அதிர்கிறது.

இவ்வளவும் அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. ‘நல்ல காது உள்ளவகிட்டயே கேக்கட்டு!’ என்று வாயைப் பூட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மானேஜர் வந்து லாரியில் ஏறி ஒரு நடை போய்ப் பார்த்தார். இறங்கும்போது அவர் முகம் சரியில்லை.

“உள்ள கியர்ப் பல்லு பொடியுத சத்தம் மாதிரி இருக்கு, கபிரியேல். வழியில நின்னுட்டா அவ்வளவு பாலும் உறைஞ்சு போவும். தக்கலையில ஒருத்தரு வண்டிய விலைக்குக் கேக்காரு. திங்கக்கிழமை கொடுத்திருவோம். இனி வாடகை லாரி வரட்டு.”

“அப்பம் நான், ஐயா?”

“அந்த லாரி டிரைவரோடத்தான் வரும்” என்றார் மானேஜர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா வேளாங்கண்ணி மெல்லச் சொன்னாள். “கடப்புறத்துக்கே திரும்பிப் போவோம். எங்க அண்ணன் மீன்பிடி வள்ளத்துல ஒரு இடம் தருவான்.”

“வள்ளத்துலயா? நானா?” அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “அலை தட்டுனாலே எனக்குக் குமட்டும். அதுக்குத்தானே மலைக்கு ஓடி வந்தேன்.”

லீமாவுக்குச் சட்டென்று ஓமனாவின் வெளுத்த முகம் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் போகவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சோறு தின்னும்போது, ஓமனா தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலைக் காட்டினாள்.

“இத நோக்கு. அந்தக் குட்டைக் கம்பி இடிச்சு நீலம் பாஞ்சது.”

லீமாவுக்குப் பொறுக்கவில்லை. இடம் போனது, அப்பாவின் சிரிப்பு போனது, இப்போது முழங்கால் அடியும் போய்விட்டதா!

“எனக்கு இதவிடப் பெருசா இருந்துது” என்றாள் வெடுக்கென்று. “ரெண்டு வருஷம் இடிச்சுது!”

“எனக்கு இப்பம் இடிக்கதே இல்ல. அதான் ஆறி மஞ்சளாயிட்டு.”

“கால ஒதுக்கி வச்சிருப்ப.”

“இல்லட்டீ! அதே இடத்துலதான் இருக்கேன். மாமா இழுக்கும்போ கம்பி முன்ன மாதிரி எனக்க முட்டு வரைக்கும் வரல. ரெண்டு விரல் தள்ளியே நிக்குது.”

லீமாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. “எப்பமிருந்து?”

ஓமனா யோசித்தாள். “கரகர சத்தம் வந்த பிறவுதான்.”

கம்பி முழுவதும் பின்னால் வரவில்லை. அப்படியானால் முன்சக்கரங்கள் முழுவதும் விடுபடவில்லை. அரையும் குறையுமாக மாட்டிக்கொண்டு உள்ளே பல்லோடு பல் உரசுகிறது! அந்தக் கம்பியோடு சேர்ந்த தண்டு கேன்களுக்கு நேர் கீழேதான் போகிறது. லீமாவுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் ஒரே ஓட்டமாக ஓடினாள். பட்டாளத்தான் ரோட்டோரம் ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டுக்கு முன்னால் நின்றிருந்தான். அப்பாவின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“அப்பா! அந்தக் குட்டைக் கம்பி முழுசும் பின்னால வரல! அதான் சத்தம்!”

அப்பா வெளியே ஊர்ந்து வந்தார். “நான் இழுக்கத்தானே செய்யேன்? நீ பின்னாலதானே இருக்க, மக்கா. உனக்கு எப்படித் தெரியும்?”

லீமா வாயைத் திறந்தாள். ஓமனாவின் பெயர் மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டது. ‘நானே கண்டுபிடிச்சேன்’ என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அப்பா ஆசையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாயிற்று, அவர் இப்படிப் பார்த்து!

“ஓமனாதான் பாத்தா” என்றாள் கடைசியில். “முட்டுல இடிச்சது இப்பம் இடிக்கதில்லையாம்.”

அப்போதுதான் ஓமனா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

“சத்தம் எங்கயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்” என்று லீமா தொடர்ந்தாள். “கேனுக்கு நேர அடியில. கிளட்ச மிதிச்சாலும் நிக்காது.”

“இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல?”

“நீங்க எனக்கிட்ட கேக்கலியே!”

அப்பா எண்ணெய்க் கையால் தலையைச் சொறிந்துகொண்டார். தலைமுடி குத்திட்டு நின்றது.

“ஏறுங்க ரெண்டு பேரும்” என்றார்.

ஓமனா முன்னால் ஏறினாள். லீமா பின்னால் ஏறி, கேன்களுக்கு நடுவில் குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைத்தாள். லாரி கெட்டி ரோட்டில் புறப்பட்டது. ‘கர்ர்...’

லீமா பலகையைத் தட்டினாள். “வருது!”

அப்பா வண்டியை நிறுத்தி, குட்டைக் கம்பியைப் பலங்கொண்ட மட்டும் பின்னால் இழுத்தார். ‘ணங்!’

“ஆ!” என்றாள் ஓமனா.

கம்பியை ஒரு கையால் பிடித்தபடியே மெல்ல ஓட்டினார். சத்தம் இல்லை. கையை எடுத்தார்.

“மாமா, கம்பி தானே முன்னால போவுது!” என்று ஓமனா கத்தினாள்.

“கர்ர்ருன்னு வந்துட்டு!” என்று லீமா பின்னாலிருந்து கத்தினாள்.

யாரோ அடியில் இருந்துகொண்டு கம்பியை முன்னால் இழுக்கிறார்கள். யார் அது?

ஏசுஅடிமை லாரிக்கு அடியில் நுழைந்தார். லீமா காட்டிய இடத்தில் கையை விட்டார். தண்டின் மூட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு சேற்று உருண்டை. கத்தியால் சேற்றைச் சுரண்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று என்னவோ தெரிந்தது. பிடித்து இழுத்தார். அது நீண்டது. இன்னும் இழுத்தார். இன்னும் நீண்டது. பிடி நழுவியது. ‘பட்!’

“எனக்க அம்மோ!” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார் ஏசுஅடிமை. “ஒட்டுப்பாலு!”

கேன்கள் கதவுப் பக்கம் இருந்தவரை, சிந்திய பால் ரோட்டில் விழுந்தது. முன்னால் தள்ளி வைத்தபின், இறக்கத்தில் தளும்பிய பால் பலகை இடுக்கு வழியாகச் சொட்டியது. தண்டில் விழுந்து உறைந்தது. அதன்மேல் சேறு. சேற்றின்மேல் பால். மறுபடி சேறு. இப்படியே வளர்ந்த ரப்பர் உருண்டைதான் கம்பியைப் பின்னால் போகவிடாமல் பிடித்து இழுத்திருக்கிறது.

“எண்ணெயும் பாத்தேன், கிரீசும் போட்டுப் பாத்தேன். நம்ம ரப்பரே நமக்குப் பேயாகும்னு நினைக்கலியே!” என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

உருண்டையை வெட்டி எடுத்தபின் மானேஜரை ஏற்றிக்கொண்டு மலைக்கும் ரோட்டுக்குமாக ஒரு நடை போய்வந்தார். மானேஜர் வழியெல்லாம் காதைச் சாய்த்துக் கேட்டார். கேட்க ஒன்றும் இல்லை.

“தக்கலைக்காரருகிட்ட வண்டி இல்லன்னு சொல்லிருவோம்” என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை. ஏசுஅடிமை கேன்களைப் பழையபடி கதவுப் பக்கமே அடுக்கிவிட்டார். பின்னால் லீமாவின் சிம்மாசனம் இல்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

அப்பா முன் இருக்கையிலிருந்து ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். “அன்னைக்கே இதச் சொல்லத்தான் வந்தேன். நீ கேக்க நின்னாத்தானே!”

ஓமனா சன்னலோரமாக நகர்ந்தாள். “எனக்குக் காத்து வேணும். கம்பிக்குப் பக்கத்துல நீ இரிட்டீ.”

பட்டாளத்தான் சேற்றுப் பாதையில் முனகிக்கொண்டே இறங்கினான்.

“ரெண்டு பேரும் கண்ண மூடிட்டுக் கேளுங்க. என்ன சொல்லுகான்?” என்றார் அப்பா.

“பசிக்குதுங்கான்” என்றாள் ஓமனா.

“அது உனக்க வயிறு!” என்றாள் லீமா. அப்பா ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதி ஓமனாவுக்கும் போகிறதே என்று லீமாவுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. கொஞ்சம்தான்.

கெட்டி ரோடு வந்தது. அப்பா வண்டியை நிறுத்திக் குட்டைக் கம்பியைப் பின்னால் இழுத்தார்.

‘ணங்!’

“ஆ!” என்றாள் லீமா. நன்றாகவே வலித்தது. முழங்காலைத் தடவிக்கொண்டு, பெருமையாக ஓமனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஓமனா தன் முழங்காலில் ஆறிவரும் மஞ்சள் அடையாளத்தைப் பார்த்தாள். லீமாவின் முழங்காலில் புதிதாகச் சிவந்திருப்பதைப் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னாள்:

“நாளைக்கு அந்த இடம் எனக்கு!”