ஆறு துண்டு ஆன்டெனா

சனிக்கிழமை காலை 8.10. தோல்மின் ஊர் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் அறையை அல்பின் திறந்தபோது, மேஜைமேல் ஏழு துண்டுகளாகக் கிடக்க வேண்டிய ஆன்டெனா ஆறு துண்டுகளாகக் கிடந்தது. நடுச்சுருளைக் காணோம்.

8.40-க்கு வந்த இன்ஸ்பெக்டர் விதா லெபானுக்கு 8.50-க்கே தலைவலி தொடங்கிவிட்டது. என்ன தொலைந்தது என்று கேட்டால் அல்பின் ஆதியோடந்தமாக ஆரம்பித்தார். பழைய சாமான் சந்தையில் கித்தான் பையோடு வாங்கியது. மலைக்கு முதுகில் சுமந்து போகிற ரகம். யாருடையதென்று தெரியாமல் மூன்று மாதம் விழித்தது. குழாய்களை என்ன பொடி போட்டுத் தேய்த்தார், கரிக்கட்டையாக இருந்த சுருளை நேற்று மாலை ஐந்து மணிக்குச் சோப்புத் தண்ணீரில் கழுவியதும் எப்படித் தேன் நிறத்தில் மின்னியது, பிரஷ் எத்தனை தேய்ந்தது. விதா பேனாவை மூடி வைத்தாள்.

"அல்பின், இதை யார் திருடுவாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அங்கேதான் விஷயம் வந்தது. 1958-இல் மலைக் குடிலைப் பனி மூடியபோது, அங்கிருந்து ரேடியோவில் உதவி கேட்டு பதினொரு பேரைக் காப்பாற்றியவர் யோஸ்கோ ருதார் என்பது ஊர் அறிந்த கதை. கேட்ட நிலையத்தின் காதில் இடத்தின் பெயர்தான் விழுந்தது, அனுப்பியவரின் அழைப்புக்குறி, அதாவது ஒவ்வொரு ரேடியோக்காரருக்கும் தனியாக உள்ள அடையாள எழுத்துகள், விழவில்லை. அன்று செய்தி அனுப்பிய ஆன்டெனா குடிலில் எடுத்த புகைப்படத்தில் இருக்கிறது; அது இதேதான். சுருளின் வளையத்திலுள்ள மூன்று நசுங்கலை வைத்து அல்பின் கண்டுபிடித்தார். சுருளின் அடியில் துணிப் பட்டை சுற்றியிருக்கிறது. சொந்தக்காரர்கள் அழைப்புக்குறியைக் கீறி வைப்பது அங்கேதான். ஞாயிறன்று யோஸ்கோவுக்குக் கல்வெட்டுத் திறக்கும்போது, எல்லார் முன்னாலும் பட்டையைப் பிரிப்பதாக ஏற்பாடு.

பூட்டு உடையவில்லை. சாவி மூன்று பேரிடம்: அல்பின், யோஸ்கோவின் மகனும் சங்கத் தலைவருமான ராடோ, செயலாளர் ஸ்லாவ்கா கெண்டா.

9.30-க்கு மற்ற இருவரும் வந்தார்கள். வந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், அதுவும் அலைநீளத்தைப் பற்றி. விதா ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, கடைசியாக எப்போது வந்தீர்கள், தொலைந்த பொருள் எப்படி இருக்கும், எழுதுங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்றாள்.

ஸ்லாவ்கா எழுதினாள்: வியாழன். கருப்பு உருளை, செம்புக் கம்பி, அடியில் பட்டை.

ராடோ எழுதினார்: புதன். தேன் நிறப் பேக்கலைட் உருளை, செம்புக் கம்பி, பட்டை.

விதா இரண்டையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு அல்பினிடம், சுருளைக் கழுவியதை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டாள்.

"நான் சொன்னா யார் கேட்கிறாங்க, மேடம்? வீட்டுக்காரியே எழுந்து போயிடுறா."

"நான் கேட்டேன்," என்றாள் விதா எரிச்சலோடு. "பாதி காதுலதான். ராடோ, நேத்து அஞ்சு மணி வரைக்கும் அது கரி மாதிரி இருந்திருக்கு. புதன்கிழமை பார்த்த உங்களுக்குத் தேன் நிறம் எப்படித் தெரிஞ்சது?"

ராடோ எழுந்து வெளியே போனார். பிறகு கார் டிக்கியிலிருந்து துணியில் சுற்றிய சுருளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நேற்று ஆறரைக்கு வந்தாராம், அப்பாவின் எழுத்தை எல்லாருக்கும் முன்னால் தான் பார்த்துவிடும் ஆசையில். பட்டையைப் பிரித்தால் வேறொருவரின் அழைப்புக்குறி.

ஸ்லாவ்கா குனிந்து படித்தாள். அவள் அப்பா தீனேயின் குறி. அந்தச் செய்தியை அனுப்பியது தான்தான் என்று மதுக்கடையில் சொல்லிச் சொல்லி, ஊரே சிரிக்கச் செத்துப்போன மனிதர்.

"எங்கப்பா கடையில அதைச் சொல்லும்போது உங்கப்பாவும் அங்க இருப்பாரா?" என்று ராடோவிடம் கேட்டாள்.

"இருப்பாரு."

"என்ன சொல்வாரு?"

"ஒண்ணும் சொல்லமாட்டாரு. உங்கப்பாவுக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பாரு."

புகார் வேண்டாம், நாளைக்கு மேடையில் இதை ராடோவே சொன்னால் போதும் என்றாள் ஸ்லாவ்கா. ஒரு சனிக்கிழமை முழுதாகப் பாழ், வழக்குமில்லை. விதா தாள்களைக் கிழித்துப் போட்டாள்.

ஞாயிறு 11.00. கல்வெட்டின் திரையை ராடோ விலக்கவில்லை. நூறு பேர் முன்னால், "உயிர்களைக் காப்பாத்துனது தீனே கெண்டா. எங்கப்பா இல்ல," என்றார். ஸ்லாவ்கா மேடையேறி அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.