தொண்டையில் ஒரு கொலை

போன் அலறியது!

பெண் இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"மேடம், கேன்சர் வார்டு டாக்டர் பேசறேன். இங்கே ஒரு பேஷண்ட் கொலை பண்ணிட்டதா சொல்றார். உடனே வாங்க!"

பேஷண்ட் மரமில்லில் லாரி ஓட்டியவர். வயது ஐம்பது. உணவுக்குழாயில் புற்று முற்றிவிட்டது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தார்.

"ஸ்டென்ட் வைக்கலாம்னேன்," என்றார் டாக்டர். "சின்ன வலைக்குழாய். அடைப்பை விரிச்சுப் பிடிச்சுக்கும். நோய் குணமாகாது... ஆனா இருக்கிற நாள்ல வாயால சாப்பிடலாம். வேண்டாங்கறார்!"

"எத்தனை நாள்?"

"ரெண்டு மாசம்... இருந்தா."

டிரைவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி மேடம்... மில் முதலாளி, இதோ நிக்கறாளே என் பொண்டாட்டி, இவளைக் கேவலமாப் பேசினான். இரும்புக் கம்பியால ஒரே அடி. சாஞ்சுட்டான். ஓடிட்டேன். மறுநாள் இவ தம்பி, 'நான்தான் கொன்னேன்'னு சரணடைஞ்சுட்டான். அப்ப இவ ஏழு மாச கர்ப்பம்... வாயை மூடிக்கிட்டேன்!"

கிண்ணத்தை இழுத்து மறுபடியும் துப்பினார்.

"எனக்காக அவன் ஜெயில்ல கிடக்கறான். எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கணுமா?"

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"ஸ்டென்ட் வெச்சுக்குங்க. மச்சானை நான் கூட்டிட்டு வர்றேன்."

ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள்.

டாக்டரும் அருகில் இருக்க, போலீஸ் காவலோடு மச்சான் வந்தான். மாமாவின் எலும்புத் தோளைப் பார்த்ததும் கதறினான். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் சூப் ஊட்டினான்.

இறங்கியது!

அக்கா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. இனி நீ வெளியே வந்துடுவே..."

மச்சான் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"வர மாட்டேன் மாமா."

"என்னடா உளர்றே?"

"நீங்க ஓடினப்புறம் நான் மில்லுக்குள்ளே போனேன். அவன் எழுந்து உக்காந்திருந்தான்! அக்காவைப் பத்தி மறுபடியும் அதே வார்த்தை... அந்தக் கம்பியை எடுத்து, நான்தான்... கோர்ட்ல நான் சொன்னது நெஜம் மாமா!"



"பாவி... ஏன்டா எங்கிட்டே சொல்லலை?"

"மாசாமாசம் தவறாம வந்து பார்த்தீங்க. நான் நெஜமாவே கொலைகாரன்னு தெரிஞ்சா வராமப் போயிடுவீங்களோன்னு... பயம்."

டிரைவர் அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். தேம்பித் தேம்பி அழுதார். நடுவே சிரிப்பும் வந்தது.

"டாக்டர்... அடைப்பு என் தொண்டையில இல்லே, இவன் வாயிலதான்! குழாயை இவனுக்குத்தான் வெச்சிருக்கணும்!"