தஸ்லீம் பேசிய கேசட்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. கதவோரத்தில் நிற்பவளே, நீயும் வா. ஒருவன் அழித்துவிட்ட குரலின் கதையைச் சொல்கிறேன். பயம் வந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் விட்டுவிட மாட்டேன்.

வெள்ளானூரில் ஓர் அடுக்ககம். மூன்றாம் மாடி. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். மனைவி ஜெபா சர்ச்சுக்குப் போயிருந்தாள். அமல்ராஜ் டேப் ரெக்கார்டரை நிறுத்தினான். அதிலிருந்து வந்த 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினான். அப்போதும் நிற்கவில்லை. காதுகளைப் பொத்தினான். இரைச்சல் கூடியது.

அவனுக்குப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மேல் பித்து. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மெஷினும் அடங்கி, டி.வி.யில் செருகினால் படம் காட்டி, சாதாரணக் கேசட்டில் கீச்சொலியாகப் பதிந்த விளையாட்டை ஏற்றிக்கொள்ளும் எண்பதுகளின் பெட்டிகள். பதினேழு பெட்டிகளை உயிர்ப்பித்து அலமாரியில் அடுக்கியிருந்தான். ஈயம் உருகிய வாடையும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், துரு துடைத்த ஸ்பிரிட்டின் வாடையும் கலந்து, சன்னலைத் திறந்தாலும் வெளியேறாமல் அந்த அறையிலேயே குடியிருந்தன.

பதினெட்டாவது, பூந்தமல்லி ஜுலைகா அம்மாளுடையது. பதினோரு வயதில் இறந்துபோன மகள் தஸ்லீம் தட்டிப் பழகிய பெட்டி.

"பொட்டிய நீயே வச்சிக்கோ நைனா. இந்தக் கேசட்டுல எம் பொண்ணு பேசிக்கீறா. அத்த மட்டும் ஒரு வாட்டி நான் கேக்குற மாதிரி பண்ணிக் குடு."

கேசட்டின் முதுகிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல் உடைக்கப்பட்டிருந்தது. பல் போய் அங்கே ஓட்டை இருந்தால், அதன் மேல் வேறெதையும் பதிய முடியாது. அந்தச் சிறுமியேதான் உடைத்திருக்க வேண்டும். அமல்ராஜ் போட்டுக் கேட்டான்.

"அம்மா, ரெக்கார்டு ஆவுதா?" பிறகு ஒரு சிரிப்பு.

அன்றைக்கென்று அவனுக்கு ஒரு விளையாட்டைப் பதிந்து சோதிக்க வேண்டியிருந்தது. கையில் வேறு நல்ல கேசட் இல்லை. ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டினான். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லாரும் செய்வதுதான். அவள் குரலுக்குப் பின்னால் பதியலாம் என்றுதான் நினைத்தான். பழக்கதோஷத்தில் நாடாவை முதலுக்கே சுற்றிவிட்டுப் பதிந்தான்.

"பூஞ்ச புடிச்சிடுச்சிம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல," என்றான் ஜுலைகாவிடம்.

அவர் அவன் முகத்தையே பார்த்தார். "நீ கேட்டியா?"

அவன் தலை குனிந்தான்.

"கேட்டுக்கீற. செரி. கேட்டது ஒனக்குள்ளயே இருக்கட்டும்."

அது வெள்ளிக்கிழமை.

இன்றைக்கு இந்த இரைச்சல். அம்பத்தூர் பாபுவுக்குப் போன் போட்டான். அவனுக்கும் இதே பித்து.

"பாபு, என் காதுல என்னமோ..."

"இன்னா மாமே, போன்ல கேம் லோடு பண்ணிகினு கீறியா?" பாபு சிரித்தான். "கீச்சு கீச்சுங்குது. வாயத் தொறந்து பேசுடா!"

"பேசிகினுதான்டா கீறேன்!"

"டேய், காது கிழியுது. வையி மொதல்ல."

பிடரி அரித்தது. விரலை வைத்தான். தோலில் ஒரு சின்னச் சதுரக் குழி. அதன் மேல் வழவழவென்று ஏதோ இறுக்கி ஒட்டியிருந்தது.

செலோடேப்.

புரிந்துவிட்டது. பிய்த்துவிட்டால் பிழைக்கலாம். ஓட்டை திறந்திருந்தால் யாரும் அவன் மேல் பதிய முடியாது. நகத்தால் சுரண்டினான். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். ரத்தம் வந்தது. டேப் வரவில்லை.

மேசை மேல், கேசட் இல்லாத ரெக்கார்டரில், பதிவதற்கு அமுக்கும் இரண்டு பொத்தான்களும் தாமாகவே அமுங்கின.

டக்.

வெறும் சக்கரங்கள் சுழன்றன. பெற்ற தாயின் பெயர் போயிற்று. படித்த பள்ளி. கல்யாண நாள். வாசலில் சாவி திரும்பும் சத்தம். யாரோ ஒருத்தி வருகிறாள். தெரிந்தவள். அவள் பெயர்... ஜெ... ஜெ...

"ஐயோ, இன்னாங்க இது, கழுத்தெல்லாம் ரத்தம்!"

காப்பாற்று என்று கத்தினான். கண்களிலிருந்து நீர் கொட்டியது. மீசைக்குக் கீழே உதடுகள் மெல்ல விரிந்தன. பதினோரு வயதுக் குரல் ஒன்று சிரித்தது.

"அம்மா, ரெக்கார்டு ஆவுதா?"

போய் வாருங்கள், கண்ணுங்களா. உங்கள் வீட்டில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்களில் ஒன்றுகூடக் குறையாமல், நூறாண்டு கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.