உள்ளிருந்து போட்ட தாழ்

அவள் கண் விழித்தபோது கூடத்து சோபா வாசல் கதவோடு ஒட்டிக் கிடந்தது. நகர்த்த யாரும் இல்லை; அவள் தனியாகக் குடியிருக்கும் வீடு. ஆனால் உள்ளங்கைகள் எரிந்தன, தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது சித்தப்பாவின் போன் வந்ததும், அப்புறம் தலைவலி தாங்காமல் மத்தியானமே வீட்டுக்கு வந்து படுத்ததும் ஞாபகம் இருந்தது. அதற்குப் பின் இந்த அந்தி மங்கல், இழுத்துச் சாத்திய ஜன்னல்களின் புழுக்கம், குளியலறையில் சொட்டும் குழாய், தன் உடம்பிலிருந்தே வரும் வேறு யாருடையதோ போன்ற வியர்வை நெடி. நடுவில் இருந்த நேரத்தை யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யாரென்று மனநல டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவளுக்குள் இன்னும் இரண்டு பேர்: ஒரு சிறுமி, அந்தச் சிறுமியைக் காவல் காக்கிற முரட்டுக் குரல்காரி ஒருத்தி. சின்ன வயதில் தாங்க முடியாத எதையோ பங்குபோட்டுச் சுமக்க மனம் அப்படிப் பிரிந்துகொண்டதாம். அவர்கள் எதிரிகள் இல்லை, பயப்படாதே என்றார். எதைச் சுமக்கிறார்கள் என்று கேட்டதற்கு, நேரம் வரும்போது அவர்களே சொல்லட்டும் என்றுவிட்டார்.

பயப்படாமல் எப்படி இருப்பது? அவள் கைகளைக் கொண்டே அவளை அடைத்து வைத்திருக்கிறாள் ஒருத்தி.

அழைப்பு மணி அடித்தது.

"நான்தாம்மா, சித்தப்பா. சாயங்காலம் வரேன்னு சொன்னேனே."

போன உயிர் திரும்பி வந்தது. அப்பா இறந்த பின் அவளை எடுத்து வளர்த்தவர். இனி இந்த வீட்டில் தன்னோடு தான் மட்டும் இருக்க வேண்டாம். சோபாவை இழுத்தாள். கால்கள் தரையில் வேரோடின. தொண்டைக்குள் அந்த முரட்டுக் குரல் கரகரத்தது. "திறக்காத."

பல்லைக் கடித்தாள். இழுத்தாள். தாழ்ப்பாளில் விரல் வழுக்கியது. விடவில்லை. திறந்தாள்.

சித்தப்பா உள்ளே வந்தார். தலைத்தைல வாசனை. தானே கதவைச் சாத்தினார். தானே தாழ் போட்டார். குனிந்து, அவள் கண்களுக்குள் யாரையோ தேடினார். சிரித்தார்.

"எங்க என் பாப்பா?"

பதில் சொல்ல வாய் திறந்தாள். கண்கள் தாமாக இறுக மூடிக்கொண்டன. கைகள், இல்லாத போர்வை ஒன்றைக் கழுத்துவரை இழுத்தன. மெல்லிய குழந்தைக் குரல் வெளியே வந்தது.

"பாப்பா தூங்கிடுச்சு, சித்தப்பா."