பெல்மோர் தியேட்டரின் பால்கனி

பெல்மோர் தியேட்டருக்கு நான் முதலில் வேலைக்குப் போனது 1984 ஒக்டோபரில், ஒரு மழைநாள் பின்னேரம். லண்டன் பிரிக்ஸ்டனுக்குப் பின்னால் ஒரு தெருமூலையில் நின்ற பழைய கட்டடம் அது. 1928இல் கட்டினார்களாம். பேசாத படக் காலத்தில் திரைக்கு முன்னால் ஒருவர் ஓர்கன் வாசித்தாராம். யுத்தத்தில் குண்டு விழுந்து பாதிக் கூரை போயிருக்கிறது. பிறகு அறுபதுகளில் பிங்கோ சூதாட்ட மண்டபமாக்கினார்கள், அதுவும் படுத்துவிட்டது. கடைசியில் ஓவன் என்ற வெள்ளைக்காரர் வாங்கி, வழமையான காட்சிகளோடு சனிக்கிழமைகளில் நள்ளிரவுப் படமும் போடத் தொடங்கியிருந்தார்.

நள்ளிரவில் எல்லாம் பழைய பேய்ப் படங்கள். முகத்துக்கு மாப் பூசி, கடைவாயில் சிவப்புச் சாயம் ஒழுகவிட்டு, சனம் தெருமுனைவரை வரிசையில் நிற்கும். படத்தில் வரும் வசனத்தைப் படத்துக்கு முன்னாலேயே கத்துவார்கள். ஊரில் பயத்துக்கு ஓடி வந்த எனக்கு, பயத்தைத் தேடிவரும் இந்தச் சனத்தைப் பார்க்க விசர் வேலையாகத் தெரிந்தது.

ரோச் லைற் பிடித்து இருக்கை காட்டுவது, படம் முடிந்தபின் வரிசை வரிசையாகப் பார்ப்பது, கதவுகளைப் பூட்டுவது, இதுதான் என் வேலை. திறப்புக் கொத்து முழுக்க என் இடுப்பில். அகதி விண்ணப்பம் ஹோம் ஒஃபிசில் முடிவாகாமல் கிடந்த ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் நான் ஒரு மனிசனைச் சாகவிட்டேன். சுற்றி வளைக்காமல் முதலே சொல்லிவிடுகிறேன்.

அவன் பெயர் கனகலிங்கம். எங்கள் ஊர்தான், எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. 1986 மார்கழியில் காசு வாங்கி ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் அவனை நாலு நாடு சுற்றிக்காட்டி லண்டனில் இறக்கிவிட்டுப் போனான். கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் ஒரே அறையில் ஏழு பேர். எட்டாவது ஆளை ஏற்றினால் எல்லோரையும் வெளியே போடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"அண்ணை, ஒரு மாசம். ஒரு மூலை காணும்," என்றான்.

தியேட்டர் பால்கனி பழுதாகி, சனத்தை ஏற்றாமல் விட்டிருந்தார்கள். அங்கே கொண்டுபோய் விட்டேன். படம் முடிந்து எல்லோரும் போனபின் மேலே ஏறுவான், காலையில் நான் திறந்துவிடுவேன், பகல் முழுக்க வேலை தேடி அலைவான். ஓவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கிற ஆள். கதவு பூட்டியிருந்தால் மேலே ஏறமாட்டார். அதனால் ஒவ்வொரு இரவும் வெளியிலிருந்து பூட்டினேன். முதல் நாள் அவனே சொன்னதுதான். "வெளியால பூட்டுங்கோ அண்ணை, நான் சத்தமில்லாமல் கிடப்பன்."

1987 ஜனவரியில் ஒரு ஞாயிறு இரவு பாணும் சம்பலும் கொண்டுபோனேன். கோட்டைப் போர்த்துக்கொண்டு கடைசி வரிசையில் சுருண்டிருந்தான். மூச்சு விடும்போது நெஞ்சு கீச்சிட்டது.

"அண்ணை, இண்டைக்குப் பூட்டாமல் விடுங்கோவன். நெஞ்சு இழுக்குது. மூச்சு முட்டினால் வெளியில போய் ஆரையும் கூப்பிடலாம்."

"ஆரைக் கூப்பிடப் போறாய்? பொலிசையா?" என்று எரிந்து விழுந்தேன். "ஒரு ராத்திரிதானே. விடியக் காலமை வாறன்."

பூட்டினேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் தெரு முழுக்கப் பனி, முழங்கால் உயரத்துக்கு. ரெயில் இல்லை, பஸ் இல்லை. திங்களும் செவ்வாயும் தியேட்டருக்கு விடுமுறை, ஒருவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள், ஹீற்றரும் ஓடாது. ஓவனின் டெலிபோன் நம்பர் என் சட்டைப் பையில் இருந்தது. ரெண்டு நாளில் மூன்று தடவை தெருமுனை டெலிபோன் பெட்டிக்குள் போனேன். மூன்று தடவையும் ரிசீவரைத் தூக்கி வைத்துவிட்டு வந்தேன். சொன்னால் வேலை போகும், பொலிஸ் வரும், என் அகதிக் கேஸ் முடிந்தது. நாளைக்கு ரெயில் ஓடும், நாளைக்கு ஓடும் என்று எனக்கு நானே சொன்னேன். நடந்து போகலாம் என்று புதன்கிழமைதான் புத்தி வந்தது. வெட்கங்கெட்டவன் நான்.

பால்கனிக் கதவைத் திறந்தபோது அவன் கடைசி வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கோட்டின் பொத்தான் எல்லாம் போட்டபடி. கண் திறந்திருந்தது. கதவின் உட்பக்கத்தில் கை எட்டும் உயரத்துக்கு வர்ணம் உரிந்திருந்தது.

ஓவன் கூப்பிட்ட பொலிஸ் வந்து கேட்டது, இந்த ஆளைத் தெரியுமா என்று.

தெரியாது என்றேன்.

ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டேன் என்றதையும் நம்பி, படம் பார்க்க வந்து ஒளிந்துகொண்ட எவனோ என்று எழுதிக்கொண்டு போனார்கள். பெயரில்லாமல் கவுன்சில்காரர் புதைத்தார்கள். கொள்ளி இல்லை, எட்டாம் நாள் எட்டுச் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. ஊரில் இருந்த அவன் மனுசி சிவனேஸ்வரிக்கு நான் கடிதம் போட்டேன். கனகலிங்கம் ஏஜென்சியோடு கனடாவுக்குப் போய்விட்டான், பிறகு தொடர்பு இல்லை என்று. அந்தக் காலத்தில் அப்படிப் போய்த் தொலைந்தவர்கள் எத்தனை பேர். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்த மாதமே தொடங்கிவிட்டது.

பெல்மோர் இருக்கைகள் ஆள் எழும்பினால் தானாக மேலே மடிந்துகொள்ளும் வகை. பூட்டுமுன் பால்கனியை எட்டிப் பார்ப்பேன். கடைசி வரிசையில் ஒன்று மட்டும் விரிந்தபடி இருக்கும். சுருள்வில் பழுதாகியிருக்கும் என்று நினைத்துக் கையால் தூக்கிவிட்டேன். அந்த வெல்வெட் துணி ஐஸ்பெட்டிக்குள் இருந்து எடுத்தது மாதிரிக் குளிர்ந்தது. இருக்கை மேலே போய் நின்றது. நான் திரும்பி நாலு அடி வைத்திருப்பேன்.

மெதுவாகக் கீழே இறங்கியது.

ஒருவர் சத்தம் கேட்காமல் பார்த்து உட்காருவது மாதிரி.

நான் ஓடினேன். ஆனால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் ஓடினேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

அடுத்த வருஷம் படம் ஓட்ட மெட்ராஸ்காரர் வாசுதேவன் வந்து சேர்ந்தார். நல்ல மனிசன், பேய், பிசாசு ஒன்றையும் நம்பாதவர். ஒரு சனி இரவு படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே இறங்கி வந்து என் தோளைத் தொட்டார்.

"செல்வரத்தினம் சார், பால்கனில ஆள் ஏத்த மாட்டோம்ல?"

"இல்லை. ஏன்?"

"ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே. கடைசி வரிசைல."

நான் நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. "படம் பாக்கிறாரோ?"

"இல்ல சார். அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஸ்க்ரீன் பக்கமே திரும்பல. கதவையே பாத்துக்கிட்டு இருக்காரு."

கீழே சனம் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் இல்லை, நிழல் என்று சொல்லி அவரை அனுப்பினேன். அடுத்த கிழமையில் இருந்து வாசுதேவன் படம் ஓட்டும் அறையின் பால்கனிப் பக்கக் கண்ணாடிக்கு அட்டை ஒட்டிவிட்டார்.

வேலையை விட்டுப் போயிருக்கலாம். என் கேஸும் இதற்கிடையில் வென்றுவிட்டது. ஆனால் போகவில்லை. அவனைத் தனியே பூட்டி வைத்துவிட்டு இன்னொரு தரம் போக என்னால் முடியவில்லை.

1992இல் சிவனேஸ்வரி லண்டன் வந்தாள். குட்மேய்ஸில் தமையன் வீட்டில் இருந்தாள். தேடி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலி. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

"கனடாவில எல்லா இடமும் விசாரிச்சாச்சு, அண்ணை. அப்பிடி ஒரு ஆள் இல்லையாம். கடைசியாக் கண்ட நேரம் உங்களுக்கு என்ன சொன்னவர்?"

"சுகமா இருந்தவன், தங்கச்சி. யோசிக்காதேங்கோ."

இடது கையை நீட்டினாள். கேதாரகௌரிக் காப்பு நூல் கட்டியிருந்தது. புருசனுக்காகப் பெண்கள் இருபத்தொரு நாள் ஒரு நேரம் சாப்பிட்டுப் பிடிக்கிற விரதம் அது. "ஒரு வருசமும் விடேல்ல அண்ணை. விடவும் மாட்டன். அவர் எங்க இருந்தாலும் இது கொண்டுவந்து சேர்க்கும்."

செத்தவனுக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாள். கொன்றவன் அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த விரதத்துக்கு முன்னாவது சொல்லிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு ரெயில் ஏறினேன். வருஷம் ஓடிப் போய், விரதமும் தொடங்கிவிட்டது.

1993 நவம்பரில் ஓவன் தியேட்டரை விற்றார். கடைசி நள்ளிரவுக் காட்சி வைத்த சனிக்கிழமைதான் அந்த வருஷ ஐப்பசி அமாவாசை, விரதம் முடிகிற நாள். சனம் அழுது, கைதட்டிப் போய் முடிய இரண்டரை மணி. நான் பால்கனிக்கு ஏறினேன். ரோச்சை அணைத்துவிட்டுக் கடைசி வரிசைக்கு முன்னால் நின்றேன்.

இருக்கை விரிந்திருந்தது.

"கனகலிங்கம்," என்றேன். ஏழு வருஷத்தில் அந்தப் பெயரை அந்தக் கட்டடத்தில் நான் சொன்னது அன்றைக்குத்தான். "நாளைக்கு சிவனேஸ்வரியிட்டைச் சொல்லுறன். சத்தியமாச் சொல்லுறன்."

இருக்கை படீரென்று மேலே மடிந்தது.

என் முகத்தை உரசிக்கொண்டு குளிர் ஒன்று போனது. பின்னால் கதவு திறந்தது. படிகளில் காலடி கேட்டது, இறங்கி, மண்டபத்தைத் தாண்டி, தெருப்பக்கம் போய் அடங்கியது. நான் அந்த இடத்திலேயே குந்தி இருந்து அழுதேன். மன்னித்துவிட்டான், விடுதலையாகிப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

விடிந்ததும் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் முதல் ரெயிலைப் பிடித்தேன். குட்மேய்ஸ் வீட்டு வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. அந்தக் குளிரிலும். சிவனேஸ்வரி புதுச் சேலை கட்டி வாசலில் நின்றாள். தமையன் குடும்பம் கோயிலுக்குப் போயிருந்தது.

நான் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். "தங்கச்சி, கனகலிங்கம் உயிரோட இல்லை. ஏழு வருசமாச்சு. பனிக்குள்ள அவனை வைச்சுப் பூட்டினவன் நான்தான்."

அவள் விரலை வாயில் வைத்தாள்.

"மெல்லக் கதையுங்கோ அண்ணை. இப்பதான் கண்ணயர்ந்தவர்."

"ஆர்?"

"ஆரெண்டு கேக்கிறியள். அவர்தான். விடியப்புறம் நடந்தே வந்து சேர்ந்தவர்." அவள் குரல் சந்தோசத்தில் நடுங்கியது. "ஒரே குளிர். மூண்டு கம்பளி போட்டும் உடம்பு சூடேறுதில்லை. எங்க இருந்தனீங்கள் எண்டு கேட்டால் ஒண்டும் சொல்லுறாரில்லை. கதவைச் சாத்த மட்டும் விடுறாரில்லை."

அவள் கைகளைப் பார்த்தேன். பத்து விரல்களின் நுனியும் நீலம் பாரித்திருந்தன. விடியப்புறம் தொட்டு எதையோ பிடித்துத் தேய்த்துச் சூடாக்கப் பார்த்திருக்கிறாள்.

"தங்கச்சி, வெளியில வாங்கோ. என்னோட வாங்கோ."

"ஏன் அண்ணை? உங்களை ஒருக்காக் கேட்டவர்."

மேல்மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.

பலகைத் தரையில் வெறுங்கால் பதிந்தது.

முதல் படி.

இரண்டாம் படி.

சிவனேஸ்வரி அவசரமாகத் தலைமயிரை ஒதுக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.